ஆதரவற்ற நாய்களுக்கு இல்லம் அமைத்த மேரி டீல்பி அம்மையார்

அருகன் அறத்தைத் தழுவி வாழும் நம் குடும்பங்களில் சீவகன் வரலாற்றைக் கேளாது வளர்ந்தவர் மிகச் சிலரே. திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியில் ஒரு நாயின் கதை வருகின்றது. அந்தணர்க்கென அமைத்த உணவில் வாய்வைத்த குற்றத்திற்காக அந்நாய் உயிர்போகும் அளவிற்கு அடிக்கப்பட்டது. அவ்வழியே வந்த சீவகன் அதனருகே அமர்ந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாயின் உடலைக் காக்க அவனால் இயலவில்லை. அதன் உயிரோ நற்கதி அடைந்து சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. அத்தேவன் பின்னாளில் சீவகனுக்கு உற்றவிடத்து உதவிய செய்தியையும் நாம் அறிவோம்.

இக்கதையை நம் சிறார்க்குச் சொல்லும் நாம், நம் தெருவில் பட்டினியால் சுருண்டு கிடக்கும் நாயைக் கண்டால் என் செய்கின்றோம் என்று ஒருமுறை நம்மை நாமே வினவிக் கொள்ளுதல் தகும். அவ்வினாவிற்கு விடை தேடுவார்க்குத் துணையாக, நம் சமயத்தையோ நம் நாட்டையோ சேராத ஓர் அம்மையாரின் வாழ்க்கையை இவ்விதழில் எழுத எண்ணினோம். அவர் இங்கிலாந்து நாட்டவரான மேரி டீல்பி. அவர் மறைந்து நூற்றாண்டுகள் ஒன்றரைக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் அவர் நிறுவிய இல்லம் இன்றும் இலண்டன் மாநகரில் நிலைத்து நிற்கின்றது.

மேரி அம்மையார் 1801ஆம் ஆண்டில் ஹண்டிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். பிறந்த குடியின் பெயர் பேட்ஸ். 1829இல் ஹல் துறைமுக நகரத்து மரவணிகரான இராபர்ட் டீல்பி என்பவரை மணந்து அந்நகரில் இல்லறம் நடத்தினார். அவ்வாழ்வு இறுதிவரை இனிது செல்லவில்லை. நோயுற்ற அன்னையைப் பேணும் பொருட்டு இலண்டன் வந்த அம்மையார், பின்னர்க் கணவரோடு கூடி வாழவில்லை. வடக்கு இலண்டனின் ஹாலோவே பகுதியில், பெற்றோருடனும், கிறித்தவ குருவாக இருந்த தம் உடன்பிறந்தார் எட்வர்ட் பேட்ஸுடனும் வாழ்ந்து வந்தார். செல்வச் செழிப்போ அரசியல் செல்வாக்கோ அவருக்கு இருந்ததில்லை. ஐம்பது வயதைக் கடந்த பின்னரும் அவர் பெயரை அயலார் எவரும் அறியார்.

அக்காலத்து இலண்டனின் நிலையைச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நகரில் ஏறக்குறைய 28 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். மனிதர் பெருகியதுபோல் நாய்களும் பெருகின. செல்வர் இல்லத்து நாய்கள் பஞ்சணையில் துயின்றன. உரியவரை இழந்தனவும், கிழடாகிக் கைவிடப்பட்டனவும், நோய்கண்டு துரத்தப்பட்டனவும் தெருவில் அலைந்து மடிந்தன. வெறிநாய்க்கடி நோய்க்கு அன்று மருந்தில்லை. பாஸ்டர் கண்ட தடுப்பு மருந்து முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு இடப்பட்டது 1885இல்தான். ஆதலின் தெருநாயைக் கண்டால் மக்கள் அஞ்சினர். அச்சம் மிக்கவிடத்து அடித்துக் கொல்வதும் வழக்கமாயிற்று. இதனோடு நாய் திருடுதல் ஒரு தொழிலாகவே நடந்தது. பெரும்புலவரான எலிசபெத் பாரெட் பிரௌனிங் அம்மையாரின் வளர்ப்பு நாய் மூன்று முறை திருடப்பட்டு, மூன்று முறையும் பணம் கொடுத்தே மீட்கப்பட்டது என்றால் அத்தொழிலின் வலிமையை நாம் உணரலாம்.

சட்டம் முற்றிலும் உறங்கியிருந்தது என்றும் சொல்லுதற்கில்லை. கால்நடைகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1822இல் இயற்றப்பட்டது. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1824இல் தோன்றியது. நாய்ச்சண்டை, சேவற்சண்டை ஆகியன 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டன. வண்டி இழுக்க நாய்களைப் பூட்டும் கொடுமை நாடெங்கும் 1854இல் ஒழிந்தது. ஆயினும் இச்சட்டங்கள் கொடுமை செய்பவனைத் தண்டித்தனவேயன்றி, கொடுமைக்கு ஆளான உயிர் அதன்பின் எங்கே செல்லும் என்பதற்கு வழி சொல்லவில்லை. அடித்தவன் அபராதம் கட்டிச் சென்றான். அடிபட்டது தெருவிலேயே கிடந்தது. இந்தக் குறையைத்தான் மேரி அம்மையார் கண்டார்.

1860ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அது. அம்மையாரின் தோழியான சாரா மேஜர் என்பவர், பட்டினியால் நடக்கவும் வலியற்றுத் தெருவில் கிடந்த ஒரு நாயைக் கண்டு, மனம் பொறாது எடுத்துவந்து தம் இல்லத்து அடுக்களையில் கிடத்தினார். அங்கு வந்த மேரி அம்மையாரும் அதனைக் கண்டு உருகினார். இருவரும் இயன்றவரை மருந்தும் உணவும் கொடுத்துப் பேணினர். பசியின் கொடுமை முற்றியிருந்தமையால் அந்நாய் பிழைக்கவில்லை.

நம்மில் பலர் இவ்விடத்தோடு நின்றுவிடுவர். நம்மால் ஆனதைச் செய்தோம், அதன் ஆயுள் முடிந்தது என்று ஆறுதல் கொள்வர். அம்மையாரின் உள்ளம் அவ்வாறு ஆறவில்லை. ஒரு நாயேனும் முன்னதாக எடுக்கப்பட்டிருப்பின் பிழைத்திருக்குமே என்று அவர் எண்ணினார். அடுத்தடுத்துத் தெருவில் கண்ட நாய்கள் அந்த அடுக்களைக்கே கொண்டுவரப்பட்டன. இடம் போதாதாயிற்று. ஒருவர் அடுக்களையில் தொடங்கியதை ஊரறியும் நிலையமாக்க வேண்டும் என்று துணிந்து, ஹாலோவேயில் ஹாலிங்ஸ்வொர்த் தெருவில் ஒரு குதிரைக் கொட்டில் முற்றத்தை வாடகைக்கு எடுத்து, அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் இல்லத்தைத் திறந்தனர். காணாமற்போனவையும் பட்டினியால் வாடுபவையும் ஆகிய நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்பது அதற்கு இடப்பெற்ற பெயர். நவம்பர் 27இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் அலுவலகத்தில் முதற் குழுக்கூட்டம் நடைபெற்றது. அம்மையாருக்கு அப்பொழுது வயது 58.

அப்பெயரில் தற்காலிகம் என்னும் சொல் இருப்பதை நாம் கவனித்தல் வேண்டும். நாய்களைக் காலமெல்லாம் அடைத்து வைப்பது அம்மையாரின் நோக்கமன்று. இல்லம் ஒரு வழித்தங்கல் மட்டுமே. வழிதவறி வந்த நாயைத் தேடி உரியவர் வந்தால், பராமரிப்புச் செலவைப் பெற்றுக்கொண்டு அதனை அவரிடம் ஒப்படைப்பர். குறித்த நாட்களுக்குள் எவரும் வாராவிடின், நல்ல மனை ஒன்றைத் தேடி அங்கே அனுப்புவர். கொண்டுவந்து விடுவார்க்கு வெகுமதி அளிப்பதும் தவிர்க்கப்பட்டது. வெகுமதி உண்டெனின் அதன்பொருட்டே நாய்களைத் திருடிக் கொணர்வார் பெருகுவர் என்பதே காரணம். இரக்கத்தோடு இத்தகைய உலகியல் அறிவும் கூடியிருந்தமையால்தான் அவ்வில்லம் நிலைத்தது என்று நாம் கருதுகின்றோம்.

இல்லம் திறந்த அம்மாதத்திலேயே டைம்ஸ் நாளிதழ் அம்முயற்சியை எள்ளி நகையாடிக் கட்டுரை வெளியிட்டது. மனிதர் பசியால் வாடும் நகரில் நாய்களுக்கு மாளிகையா என்பதே அந்த ஏளனத்தின் சாரம். கருணை மிகுந்து அறிவு குன்றிய பெண்களின் செயல் இது என்ற கருத்துப்பட எழுதப்பட்டது. நாட்டின் முதன்மையான நாளிதழின் ஏளனம் ஓர் இளங்குழுவை அழித்துவிடப் போதுமானது. நன்கொடை தர எண்ணியவர் தயங்கினர். குரைப்பொலி குறித்து அக்கம்பக்கத்தார் முறையிட்டனர். அம்மையார் எவரோடும் வாதிட்டுக் கொண்டிராமல் பணியைத் தொடர்ந்தார்.

மனிதர்க்கு இல்லாதபோது விலங்குக்கு ஏன் என்னும் இவ்வினா இன்றும் நம் ஊர்களில் கேட்கப்படுவதே. ஆதலின் அதற்கு வரலாறு தரும் விடையை இங்குக் குறிப்பிட விரும்புகின்றோம். 1824இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் வில்பர்போர்ஸ். அடிமை வாணிகத்தை ஒழிக்க நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடியவரும் அவரே. 1883இல் லிவர்பூல் நகரில் நாய்களுக்கு ஓர் இல்லம் வேண்டிக் கூடிய கூட்டத்திலேயே, வதைக்கப்படும் குழந்தைகளுக்கும் காப்பு வேண்டும் என்ற வேண்டுகோள் எழுந்தது. அதன் பயனாய் இங்கிலாந்தின் முதற் குழந்தைக் காப்புச் சங்கம் அந்நகரில் தோன்றியது. விலங்குக்கு இரங்கியவர் மனிதரை மறந்தார் என்று சொல்ல இவ்வரலாற்றில் இடமில்லை. நோயுற்ற அன்னைக்குப் பணிவிடை செய்த கைகளே அந்த அடுக்களையில் நாய்க்கும் உணவூட்டின.

1862ஆம் ஆண்டில் நிலை மாறத் தொடங்கியது. புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் இரண்டு நாய்க் காட்சிகளைப் பற்றிய கட்டுரையொன்று வெளிவந்தது. இஸ்லிங்டனில் அவ்வாண்டு நடந்த பெரும் நாய்க் கண்காட்சி ஒன்று. பரிசும் பட்டமும் பெற்ற உயர்குல நாய்கள் அங்கே அணிவகுத்து நின்றன. அதற்கு வெகுதொலைவில் இல்லாத ஹாலோவே இல்லம் மற்றொன்று. எவரும் வேண்டாத நாய்கள் அங்கே வருவோர் முகத்தை ஏக்கத்தோடு நோக்கி நின்றன. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிய அக்கட்டுரை, ஏளனம் செய்த பலருடைய மனத்தையும் இளகச் செய்தது. இல்லத்திற்கு ஆதரவு வளர அது பெரிதும் துணைநின்றது.

அந்த வளர்ச்சியை நெடுநாள் கண்டு மகிழும் பேறு அம்மையாருக்கு வாய்க்கவில்லை. புற்றுநோய் அவரைப் பற்றியது. உடல் நலிந்த நிலையில் பிக்கிள்ஸ்வேட் என்னும் சிற்றூருக்குச் சென்று, 1865ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அங்கேயே உயிர்நீத்தார். இல்லம் திறந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வூர்த் தேவாலய வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர்க்குப்பின் இப்பணிக்குத் துணைநின்ற உடன்பிறந்தாரும் 1876இல் மறைந்து அவரருகிலேயே அடக்கமானார்.

இல்லம் 1871இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள பேட்டர்சீ பகுதிக்கு மாற்றப்பட்டது. 1883 முதல் பூனைகளும் ஏற்கப்பட்டன. 1885இல் விக்டோரியா அரசியார் அதன் புரவலரானார். ஒரு காலத்தில் பேரிதழின் நகைப்பிற்கு ஆளான இல்லம் அரசியின் ஆதரவைப் பெற்றது. தொடங்கிய நாள்முதல் இதுவரை 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் அங்கே புகலடைந்துள்ளன.

இவ்வரலாற்றைப் போற்றும் நாம், அதில் நமக்கு உடன்பாடில்லாத பகுதியை மறைத்தல் நேர்மையாகாது. போலீசார் தெருநாய்களைப் பிடித்துத் தரத் தொடங்கிய பின்னர், வந்து குவிந்தவற்றின் தொகை இல்லத்தின் ஆற்றலை மீறியது. நோயுற்றனவும், உரியவரோ புதிய மனையோ கிடைக்காதனவும் கொல்லப்பட்டன. 1884இல் வலியின்றிக் கொல்லும் கூடம் ஒன்றும் அங்கே அமைக்கப்பட்டது. துன்பம் குறைப்பதையே எல்லையாகக் கொண்டவர்க்கு அது இரக்கமாகத் தோன்றியது. உயிர் ஒவ்வொன்றும் தன் வினைப்பயனைத் தானே நுகர்ந்து கழிக்க வேண்டும், அதனைப் பறிக்க எவர்க்கும் உரிமையில்லை என்று கொள்ளும் நமக்கு அது ஏற்புடையதன்று. எனினும், அக்கூடம் ஏன் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இல்லம் ஒன்றாகவும், வந்து சேர்ந்த உயிர்கள் பல்லாயிரமாகவும் இருந்தன. ஏற்பதற்கு மனைகள் போதாமையே அக்கொலைக்கு வழிவகுத்தது. கொல்லாமையை வாயால் உரைக்கும் சமூகம், ஏற்கும் மனைகளையும் தருதல் வேண்டும் என்பதே நாம் இதனின்று கற்கும் பாடம்.

இவ்விடத்தில் நம் அன்பர் சிலர்க்கு ஓர் ஐயம் எழலாம். ஊனுண்ணும் விலங்குகளை வளர்த்தலை நம் ஆசிரியர்கள் அனர்த்த தண்டத்துள் வைத்து விலக்கியுள்ளனரே என்று வினவுவர். அவ்விலக்கு, வேட்டைக்கும் விளையாட்டிற்கும் அவற்றை விரும்பி வளர்ப்பதைக் கருதியது என்பது எம் கருத்து. துன்புறும் உயிரின் துயரைத் துடைத்தல் கருணைதானம். அஞ்சிய உயிர்க்குப் புகல் அளித்தல் அபயதானம். இவை இரண்டும் இல்லறத்தார்க்கு உரியனவே. மேலும் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டிருப்பதை இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அருங்கலச்செப்பும் கற்றவர் அறிவர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைக் குறைத்தல், அளவிற்கு மீறிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கொல்லவில்லை என்பதால் மட்டும் விரதம் நிறைவுறாது. ஒரு முழச் சங்கிலியில் வெயிலிலும் மழையிலும் நாள்முழுதும் கட்டப்பட்டு, நினைத்தபோது மட்டும் சோறு பெறும் காவல்நாய், இவ்வைந்தில் இரண்டினை ஒவ்வொரு நாளும் நமக்கு நினைவூட்டுகின்றது.

நம் நாட்டுச் சட்டமும் இதனையே சொல்கின்றது. உருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் மேற்கொண்ட முயற்சியின் பயனாக, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. ஹாலோவே இல்லம் தோன்றிச் சரியாக நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. வளர்க்கும் விலங்கிற்குப் போதிய உணவும் நீரும் இடமும் தராமை, எந்நேரமும் கட்டியிருக்கும் நாயை உலாவ விடாமை, தக்க காரணமின்றிக் கைவிடுதல் ஆகியன அச்சட்டப்படி குற்றங்களாகும்.

இத்தகைய நாயொன்றை மீட்டுத் தற்காலிகமாகத் தம் மனையில் வைத்துப் பேண முன்வரும் குடும்பத்தார்க்குச் சில குறிப்புகள் பயன்படும். நெடுநாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாக வயிறு நிறைய உணவிடலாகாது. சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் வேண்டும். பால் பல நாய்களுக்கு ஒவ்வாது. குழையச் சமைத்த சோறும் பருப்பும் நன்று. நாம் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பது அறிந்து மகிழத்தக்கது. திராட்சையும் சாக்லேட்டும் அவ்வாறே நஞ்சாம். ஊனில்லா உணவில் நாய் வாழ இயலும். ஆயினும் புரதம் குறையாதிருக்கக் கால்நடை மருத்துவரின் அறிவுரை வேண்டும். பூனைக்கு அவ்வாறு இயலாது. வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் தவறாமல் செய்வித்தல் வேண்டும். எவரும் வேண்டாத குட்டிகள் பிறப்பதைத் தடுத்தலும் துன்பத்தைத் தடுத்தலேயாம். கடியோ கீறலோ பட்டால், அப்புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுதல் கட்டாயம். புதிய மனைக்கு அனுப்புமுன் அம்மனையை நேரிற் கண்டு, கட்டிப்போடாது பேணுவரா என்று உறுதி செய்துகொள்ளுதல் நலம். ஒத்துவராவிடின் திரும்பப் பெற்றுக்கொள்ளும் மனமும் வேண்டும்.

பேணியவர்க்குப் பிரிவு வருத்தம் தரும். பிரியும்போது மனம் கனப்பது இயல்பே. ஆயினும், என்னுடையது என்ற பற்றினை விட்டு, அவ்வுயிரின் நலம் ஒன்றையே கருதி அனுப்பி வைத்தல், மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கும் ஒரு பயிற்சியாகும். அது சென்ற இடத்தில் இன்னொன்றிற்கு நம் மனையில் இடம் பிறக்கின்றது.

சீவகன் கண்ட நாயும் பிழைக்கவில்லை. மேரி அம்மையார் பேணிய முதல் நாயும் பிழைக்கவில்லை. முன்னது தேவனாகித் தன்னை மதித்தவனைத் தேடிவந்தது. பின்னதோ, தனக்குப்பின் வந்த இலட்சக்கணக்கான உயிர்களுக்கு ஓர் இல்லத்தின் கதவைத் திறந்து வைத்தது. இரண்டையும் இணைப்பது, அடிபட்ட ஓர் உயிரைக் கண்டு வழியில் நின்ற ஒருவரின் கருணையே. நம் குடும்பங்களும் அவ்வாறு நின்று பார்க்கக் கற்குமாயின், சீவதயை நம் நூல்களோடு நம் தெருக்களிலும் விளங்கும்.

எவ்வுயிரும் இன்புறுக. அறம் வளர்க.